இரண்டாவது லைனில் அன்ரி

கனடாவில் நான் வேலை செய்த தமிழ் வானொலி நிலையத்தை மூடியபோது நான் கேட்டு வாங்கிவந்தது ஒரு பழைய தொலைபேசிப் பெட்டியைத்தான். அதில் இரண்டாவது லைனுக்கு ஒரு சிவப்பு விளக்கு. விட்பி வீட்டில் அதைப் பார்த்து, "உந்தக் குப்பையை ஏன் வச்சிருக்கிறியள்?" என்று மனைவி கேட்காத மாதமில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் ஸ்காபரோ நிலையத்தில் அண்ணை ஒருவர் திரைப்படங்களைப் பற்றிப் பேசுவார். நேயர்களை இணைப்பது என் வேலை. இரண்டாவது லைன் அநேகமாக, பக்கத்து டோர்செட் பார்க் குடியிருப்பில் இருந்த அன்ரியுடையது. படம் பார்க்கமாட்டா, விமர்சனத்தை மட்டும் தவறவிடமாட்டா. அவவின் ஒரே மகன், அவர்களுடைய மாடிக்கட்டடத்துக்குக் கீழே நடந்த கத்திக்குத்துக் கொலையில் குற்றவாளியாகிச் சிறைக்குப் போய், பிறகு இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டவன். போன இடத்தில் என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது.

ஒரு வெள்ளி அண்ணை பேசியது, நம்மவர்கள் எடுத்த இருண்ட நீதிமன்றப் படமொன்றைப் பற்றி. மழை, நிழல், யாரையும் நம்பமுடியாத ஒரு வழக்கறிஞர். கொலையைக் கண்ட சாட்சி கடைசிவரை வாய் திறக்கமாட்டான். நிரபராதி உள்ளே போவான். பத்திரிகைகள் ஒளிப்பதிவை மெச்சிவிட்டு முடிவைக் கிழித்திருந்தன. எங்கள் நேயர்களும் அப்படித்தான். "சோத்தைத் திங்கிற மனிசன் உப்பிடிப் பேசாமல் இருப்பானோ? கதை எழுதினவருக்கு விசர்," என்றார் ஒருவர். நானும் சிரித்தேன்.

அண்ணை சிரிக்கவில்லை. மைக்கைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"இருப்பான். நான் இருந்தனான். டோர்செட் பார்க்கிலை குத்தினது அந்தப் பெடியனில்லை. நான் கண்டனான். அப்ப என்ர அகதிக் கேஸ் முடியேல்லை. சாட்சி சொல்லக் கோட்டுப் படி ஏறினா கேஸ் பிழையாப் போயிடும் எண்டு எல்லாரும் சொன்னவை."

அப்படிச் சட்டமே கிடையாது. ஆனால் அந்த நாளில் அதை நம்பாத அகதி எங்களுக்குள் இருந்ததில்லை.

இரண்டாவது லைனின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்ரி முன்பே அழைப்பெடுத்துக் காத்திருக்கிறா என்று எனக்குத் தெரியும். பயத்தில் என் கை பாட்டுப் போடப் போயிற்று. அண்ணை விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "லைனிலை விடும்," என்றார்.

அன்ரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அண்ணை, என்ர பிள்ளை அப்ப உங்களைக் கண்டவனோ?"

அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். நிலையத்துப் பக்கம் வரவேயில்லை. மூடும்வரை ஒவ்வொரு வெள்ளியும் அன்ரி அழைப்பெடுப்பா. "அண்ணை வந்தவரோ? நான் லைனிலை நிக்கிறன்."

வயர் இல்லாத அந்தப் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வெள்ளி மாலைகளில் மட்டும் திருப்பிப் பார்ப்பேன். எரியாது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.