முட்டை விற்க மறுத்த அக்கா

பெக்கோக் ஊர் ஞாயிற்றுச் சந்தையில் கம்பத்துக்கோழி, அதாவது நாட்டுக்கோழி முட்டை விற்பார் அந்த அக்கா. காற்பந்து ஜெர்சி, ஒற்றைக்கல் மூக்குத்தி, மஞ்சள் ரப்பர் பூட்ஸ். எந்தப் பெண் முட்டை கேட்டாலும், “வீட்டுக்குப் பின்னால இடம் இருக்கா?” என்பார். இருக்கிறது என்றால் தொலைந்தோம். முட்டையை ஒதுக்கிவிட்டு, வளர்க்கச் சொல்லிப் பெட்டைக்கோழியைக் கையில் திணித்துவிடுவார்.

எனக்கும் அதுதான் நடந்தது.

“எல்லாரும் வளர்த்தா உங்ககிட்ட யாரு முட்டை வாங்குவா, அக்கா?”

“அப்ப நான் லீவு போட்டுட்டு லங்காவித் தீவுக்குப் போவேன்லா!” என்று சிரித்தார்.

போன ஞாயிறு அவர் இடம் காலி. பக்கத்தில் நாலு பெண்கள் முட்டை விற்றார்கள். எல்லாருமே அவரிடம் முட்டை வாங்க வந்து, கோழியோடு போனவர்கள்தான்.

“அக்கா எங்க?” என்றேன்.

ஒருத்தி சிரித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டினாள். படத்தில் லங்காவிக் கடற்கரை. அதே மஞ்சள் பூட்ஸ்.