செல்வினின் பகு எண்

செல்வின் தேவசகாயத்துக்கு ஓர் எண்ணின் மேல் பைத்தியம் என்று ரிச்சர்ட்ஸ் டவுன் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நூற்றைம்பது இலக்கங்களுக்கு மேல் நீளும் அது பகா எண் அல்ல, பகு எண். இரண்டு எண்களைப் பெருக்கினால் வருவது. அந்த மட்டுக்கு ஒரு சோதனை நிமிடத்தில் சொல்லிவிடும். எந்த இரண்டு என்பதைத்தான் எவனும் கண்டுபிடிக்கவில்லை.

அதைத் தேடத்தான் பொம்மசந்திரா தொழிற்சாலையில் தன் அறைக் கம்ப்யூட்டரை, 1998 கிறிஸ்துமஸிலிருந்து அணைக்கவே விடாமல் ஓட்டினார். அதற்காகவே கோயம்புத்தூருக்குக் கிடைத்த பதவி உயர்வையும் உதறினார். கரன்ட் போனால் தாங்க பேட்டரி இருந்தது. அந்தத் தைரியத்தில், நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர புரோகிராமில் வழி வைக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு லேத்தை நிறுத்துவார்கள், லாரியை நிறுத்துவார்கள். கம்ப்யூட்டரும் ஆயுதம்தான் என்று அவருக்கு ஏன் தோன்றவில்லை?

லீவு முடிந்து வந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. அதன் நெற்றியில் குங்குமம், மேலே செவ்வந்திச் சரம்.

"பூஜை அன்னைக்கு ஒரு நாளாவது அதுக்கு ரெஸ்ட் வேணும்ல ஸார், நானே ஆஃப் பண்ணி பூஜை போட்டேன்" என்று பொரியை நீட்டினார் ஃபோர்மேன் மஞ்சுநாத்.

பொரியை வாங்கி மேசையில் வைத்தார் செல்வின். கம்ப்யூட்டரைப் போட்டு, எண்ணைக் கொடுத்து, சோதனையை ஓட்டினார். பகு எண் என்றது. முதல் நாளே சொன்னதுதான்.

"உங்க பேர்ல ஒரு பூசணிக்காயும் உடைச்சேன் ஸார்" என்றார் மஞ்சுநாத். "ஒரே போடுதான். கரெக்டா ரெண்டா போச்சு."