வலது கை மட்டும் சோர்ந்த காலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், கந்தசஷ்டி விரதத்தின் நான்காம் நாள். சுவிஸின் சூக் நகரில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலையில் இருந்தேன். காலை ஏழு மணியளவில் மேசை துடைத்த துணியைப் பிழிய முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்கின, பலம்தான் வரவில்லை. மூன்று நாளாகப் பகலில் தண்ணீர் மட்டும் குடித்த சோர்வு என்று நினைத்து, இடது கையால் வேலையைத் தொடர்ந்தேன். என் கஷ்டத்தை ஆட்களிடம் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம்.

எட்டு மணிக்கு, என்னோடு வேலை செய்யும் மட்டக்களப்புப் பெண் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். என்னைவிட இளையவள்.

“என்னக்கா, இடக்கையால துடைக்கிறீங்கள்?”

“ஒண்டுமில்லை, விரதக் களைப்பு” என்றேன். சொல் குழறி வந்தது.

“விரதம் எண்டா ரெண்டு கையும் தானே சோரவேணும்? வலக்கை மட்டுமோ விரதம் பிடிக்குது?” என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பல்லைக் காட்டச் சொன்னாள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். வலது கை பாதியிலேயே விழுந்தது. உடனே அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள்.

“வேண்டாம், ஆக்கள் பாப்பினம்” என்றேன்.

“பாக்கட்டும். நீங்கள் இருங்கோ.”

அம்புலன்ஸில் வந்தவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான். ஒரு மணி நேரம் மறைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு, இப்போதுதான் என்று டொச் மொழியில், அதாவது ஜெர்மனில், சொன்னேன்.

“அக்கா, பொய் சொல்லாதேங்கோ. நான் வரேக்கையே இடக்கையாலதான் துடைச்சுக்கொண்டு நிண்டீங்கள்.”

தலை குனிந்துகொண்டு, ஏழு மணி என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

மருத்துவமனையில் தலையை ஸ்கேன் செய்து, பக்கவாதம் என்றார்கள். மூளையின் இடப்பக்க இரத்தக் குழாய் ஒன்றில் இரத்தக்கட்டி அடைத்திருந்தது. அதைக் கரைக்கும் மருந்தைச் சில மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். நேரம் கடந்து ஏற்றினால் மூளைக்குள் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம் என்று டாக்டர் விளக்கினார். ஓடி வந்த மகள் அதைத் தமிழில் சொன்னபோதுதான், நான் சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்று விளங்கியது. நல்லகாலம், நேரம் இன்னும் இருந்தது. ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள்.

கையும் பேச்சும் திரும்புமோ என்று யாரையும் கேட்கப் பயந்து கிடந்தேன். பின்னேரம் வலது கைப் பெருவிரல் அசைந்தது. மகளின் கையைப் பிடித்து, இருந்த பலம் எல்லாம் சேர்த்து அழுத்தினேன்.

“அம்மா, நோகுது” என்றாள். அதைவிட நல்ல சொல்லை நான் இதுவரை கேட்டதில்லை.

இப்போது மறுபடி வேலைக்குப் போகிறேன். சட்டைப் பொத்தான் பூட்டத்தான் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. கூச்சம் என்னை விட்டுப் போகவில்லை. ஆனாலும் உடம்பில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், பக்கத்தில் யார் இருந்தாலும் அந்த நிமிடமே வாய் திறந்து சொல்லிவிடுகிறேன்.