முகம் மாறிய வருஷத்துத் திராட்சை

'மெட்டமார்ஃபோசி' என்ற சொல்லை உலகமே புழு பட்டாம்பூச்சியாகும் பாடத்தில்தான் படித்திருக்கும். படித்துவிட்டுப் போகட்டும்! கிரேக்கத்தில் எங்கள் ஆந்த்ரோஸ் தீவில் அது ஆகஸ்ட் ஆறாம் தேதி. 'மோர்ஃபி' என்றால் உருவம். முன்னால் நிற்கும் 'மெட்டா' அந்த உருவம் மாறியதைச் சொல்கிறது. மலைமேல் ஏசுவின் முகம் மாறி ஒளிவிட்ட திருநாள். அன்றுதான் பாதிரியார் புதுத் திராட்சையை ஆசீர்வதிப்பார். அதற்கு முன்னால் ஒரே ஒரு பழத்தை வாயில் போட்டாலும் ஊர் சும்மா விடாது.

அர்கிரோவுக்கு நாற்பத்தாறு வயது. பள்ளிக்கூடத்துச் சமையற்காரி, கப்பல்காரன் பெண்டாட்டி. இருபது வருஷமாக முதல் கூடையைக் கோயிலுக்குக் கொண்டுபோய், வாசலில் நின்று ஆளுக்கொரு கொத்து கொடுப்பவள் அவள்தான். மே மாதம் ஒருநாள் காலையில் எழுந்தால், முகத்தின் இடப்பக்கம் தொங்கிக் கிடந்தது. நரம்புக் கோளாறு, உயிருக்குப் பயமில்லை, சரியாக நாளாகும் என்றார் டாக்டர். அவள் கவலை உயிரைப் பற்றியா? புருஷன் லியோனிஸ் பார்த்தால் என்ன நினைப்பான் என்பதுதான். அவன் கப்பல் பிரேசில் பக்கம் இருந்தது. "கேமரா உடஞ்சிபோச்சு" என்று போனிலேயே மூன்று மாதம் ஓட்டிவிட்டாள். பாவி மனுஷன் சரியாகத் திருநாளன்று காலையில் வந்து இறங்குகிறான்!

"இந்த வருஷம் கூடைய நீயே எடுத்துட்டுப் போ," என்றாள் தங்கை மரிகோவிடம்.

"ஏங்க்கா, ஏசுவுக்கே முகம் மாறுச்சு. கூட இருந்தவங்க விட்டுட்டா ஓடிட்டாங்க?"

"அவருக்கு வெளிச்சம் வந்துச்சுடி. எனக்குக் கோணிக்கிட்டுல்ல போச்சு!"

மரிகோ அசையவில்லை. அர்கிரோ முக்காட்டை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டு தானே போனாள். பூசை முடிந்து வாசலில் கொத்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் லியோனிஸ் நின்றான், தோளில் பையோடு. முக்காடு நழுவியது. அவள் நீட்டிய கொத்தை அவன் வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

"என் கையால வாங்க மாட்டியா?"

"நான் ஏற்கெனவே தின்னுட்டேன் அர்கிரோ."

"என்னத்த?"

"திராட்சைய. போன மாசமே. உன் முகத்தப் பத்தி மரிகோ போன்ல சொன்னா. நீ பொழைப்பியோ மாட்டியோன்னு அப்படியே உக்காந்துட்டேன். கப்பல் சமையக்காரன் முன்னாடி வெச்ச தட்டு காலியானப்புறம்தான் தெரிஞ்சுது, தின்னது திராட்சைன்னு. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அதனாலதான்னு அன்னைலேர்ந்து நான் தூங்கல."

"அட மடையா!" அர்கிரோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாய் ஒரு பக்கமாக இழுக்க, கண்ணில் நீர் வழிய, ஊர் பார்க்கச் சிரித்தாள். மூன்று மாதத்துப் பாரம் அப்படியே இறங்கிவிட்டது. ஒரு பழத்தைப் பிய்த்து அவன் வாயில் திணித்தாள்.

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். முக்காட்டை உருவி அவன் தோளில் போட்டுவிட்டு, அடுத்த ஆளுக்குக் கொத்தை நீட்டினாள்.