கடைக் கண்ணாடியில் ஏறாத படம்

குணராசா, நீர் பேச்சு மாறினவர். நகரசபைத் தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்று கட்சிக்குள் வாக்கெடுப்பு வைத்தார்கள். அதில் தோற்பவர் வென்றவருக்காக வேலை செய்ய வேண்டும் என்பது விதி. அதற்குச் சம்மதித்துத்தான் நீர் போட்டியிட்டீர். ஆரணியிடம் தோற்ற நாளிலிருந்து அவளுக்கு ஆதரவாக வாயே திறக்கவில்லை.

நான் லியோனிலிருந்து பாரிஸுக்கு வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஆரணியின் தாய் புவனா அக்காவின் புடவைக் கடையில் நிற்கிறேன். கடைக் கண்ணாடியில் தேர்த் திருவிழா, வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்திய வீடு, மரணம் என்று எல்லா அறிவித்தல்களும் ஒட்டியிருக்கின்றன. மகளின் தேர்தல் படம் மட்டும் இல்லை. அது காசு வாங்கும் மேசைக்குக் கீழே சுருட்டிக் கிடக்கிறது.

“என்னக்கா, பெத்த பிள்ளையின்ரை படத்தை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?”

“சத்தம் போடாதை தம்பி. இந்த வீதியிலை பாதிப்பேருக்கு விசா அலுவல் பாத்துக் குடுத்தது குணராசா அண்ணைதான். அவர் சொல்லாமல் ஒருத்தரும் இவளுக்கு வோட்டுப் போடாயினம். நான் இதை ஒட்டினால் கடைக்கும் வராயினம்.”

“ஆரணி ஒண்டும் கேக்கேல்லையோ?”

“நேற்று வந்து கண்ணாடியைப் பாத்தவள். உள்ளை வராமல் திரும்பிப் போயிட்டாள்.”

கதவு திறக்கிறது. யாரோ சேலை பார்க்க வருகிறார்கள். அக்கா அவர்களைப் பார்த்துச் சிரித்தபடி, சுருளைக் காலால் இன்னும் உள்ளே தள்ளுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை தேர்தல். குணராசா, அதற்கு முன் இந்தக் கடை வாசலில் வந்து நின்று, வீதி முழுக்கக் கேட்கச் சொல்லும்: ஆரணிக்குப் போடச் சொல்கிறீரா, இல்லையா?