இனோசி மாமா வாங்கிப்போன தட்டு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவள் நான். ஆனால் இது என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. என் கையால் தொட்டது. நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது. நடுக்கம்கூடப் பரவாயில்லை, வெட்கம்தான் தாங்க முடியவில்லை.

எங்கள் தீவில், ரேவா ஆற்றங்கரையில் எங்கள் கிராமம். சனிக்கிழமைதோறும் மாதர் சங்கத்துப் பெண்கள் சபைக் கூடத்தில் சமைப்போம். மரவள்ளிக்கிழங்கு, மீன், தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை. எல்லாவற்றையும் பெட்டிகளில் போட்டு, சுவா பட்டணத்துக்கு வெளியே தகரக் குடிசைகளில் இருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். மறுநாள் போதகர் எங்களைப் பேர் சொல்லிப் பாராட்டுவார். எங்களுக்குத் தலைகால் புரியாது.

ஊரில் ஒரு பழக்கம் உண்டு. கதவைத் திறந்து வைத்துத்தான் சாப்பிடுவோம். தெருவில் யார் போனாலும், "வாங்க, சாப்பிடலாம்!" என்று கூப்பிட்டே ஆக வேண்டும். போகிறவர் நன்றி சொல்லி, நல்லா சாப்பிடுங்க என்று வாழ்த்திவிட்டு நடையைக் கட்ட வேண்டும். அதுதான் இரண்டு பக்கமும் மரியாதை. ஒருவர் உண்மையிலேயே வர வேண்டும் என்றால் எழுந்து போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவோம். மற்றபடி கூப்பிடுவது வாயோடு சரி.

இனோசி மாமா தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து கூடத்து வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். எழுபது தாண்டியவர். படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கை மெரியோனியோடு ஊர்க்கோடியில் இருந்தார். அவர் ஊட்டினால்தான் அந்த அத்தைக்குச் சாப்பாடு. புயலில் தோட்டம் நாசமான பிறகு அவர் தோளில் வெறும் சாக்குதான் தொங்கும். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் கஷ்டப்படுகிறவர்கள் என்றால் பட்டணத்தில் இருப்பவர்கள். சொந்த ஊர்க்காரர் வீட்டுக்குப் பெட்டி கொண்டுபோனால் அவர் குடும்பத்துக்கே அவமானம். அப்படிச் சொல்லிக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பெட்டிகளை ஏற்றிப்போகும் சக்கியாசியின் லாரி பஞ்சர். கிளம்ப நேரமாகும் என்றான். பெட்டிகளை மூடி அடுக்கிவிட்டு, மிச்சத்தைப் போட்டுக்கொண்டு நாங்களும் சாப்பிட உட்கார்ந்தோம். நான், சங்கத் தலைவி மக்கெரேத்தா, இன்னும் இரண்டு பெண்கள். மணி ஆறு பத்து. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

மாமா தெருவில் வந்தார்.

மக்கெரேத்தா வாயில் மீனோடு கத்தினாள். "மாமா, வாங்க, சாப்பிடலாம்!"

அவர் நன்றி சொல்லி நடையைக் கட்டவில்லை.

அவர் நின்றார். மெதுவாகத் திரும்பினார். எங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

தூண்மேல் நிற்கும் கூடத்துக்கு அடியில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. மாமாவைக் கண்டால் வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற நாய்கள். அன்றைக்கு எழுந்தன... ஒரு குரைப்புக்கூட இல்லாமல் ஆற்றுப் பக்கம் போய்விட்டன.

"அடியம்மா! நிஜமாவே வர்றாருடி!" மக்கெரேத்தா என் காதில் கிசுகிசுத்தாள். "பெட்டியில மட்டும் கை வச்சுடாத உனைசி. அளவாத்தான் போட்டிருக்கு."

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தினால் மட்டும் என்ன, சிரித்தது சிரித்ததுதான்.

வாசலில் ஒரு பலகை ஆடும். சின்னப் பிள்ளை மிதித்தாலே கிரீச் என்று கத்தும்.

மாமா அதன்மேல் ஏறி நின்றார்.

சத்தமே வரவில்லை.

அவருடைய இடது கன்னம் முழுக்க மண். அப்பியது போல ஒட்டியிருந்தது. அதில் எறும்பு ஊர்ந்தது. ஒன்று கண்ணோரம் வரைக்கும் போனது. அவர் தட்டிவிடவில்லை.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"மாமா... கன்னத்துல எறும்பு..."

அவர் உதடு அசைந்தது. குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது.

"எனக்கு வேணாம்மா. மெரியோனிக்கு."

உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நான் எழுந்து தட்டை எடுத்தேன். பக்கத்திலேயே பெட்டி பெட்டியாக மீன். நான் வழித்தது சட்டியின் அடியில் ஒட்டியிருந்த கீரையை. கூட ஆறிப்போன இரண்டு துண்டு கிழங்கு. அதைத்தான் நீட்டினேன்.

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

வாங்கிக்கொண்டார். விரல் என்மேல் பட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீனைத் தொட்டது போல... சில்லென்று.

இறங்கிப் போனார். நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெரு வெகுதூரம் வரை நேராகத் தெரியும்.

யாரும் இல்லை.

"எங்கக்கா போனாரு?"

"இருட்டுல உனக்குத் தெரியல. வந்து சாப்பிடு." மக்கெரேத்தாவின் கையும் தட்டில் அசையாமல்தான் இருந்தது.

லாரி வந்தது. போனோம். பெட்டிகளைக் கொடுத்தோம். யாரோ படம் எடுத்தார்கள். அதில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படம் இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பேயை நினைத்தெல்லாம் இல்லை, அந்தத் தட்டை நினைத்துத்தான். விடிந்ததும் நல்ல மீனாகப் பொரித்து, கிழங்கைச் சுடச்சுட வேகவைத்து எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போனேன்.

மெரியோனி அத்தை பாயில் கிடந்தார். தலைமாட்டில் எங்கள் கூடத்துத் தட்டு. வழித்துத் தின்று துடைத்தது போல இருந்தது.

"மாமா எங்கே அத்தை?"

"வியாழக்கிழமை காலைல கிழங்கு தோண்டப் போனான்."

"நேத்து சாயங்காலம் வந்தாரே?"

"வந்தான். ஊட்டிவிட்டான். கை சில்லுனு இருந்துச்சு. 'படுத்துக்கோண்ணா'ன்னேன். 'தோட்டத்துல படுத்துக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டான்."

ஓடிப்போய்ச் சக்கியாசியைக் கூட்டி வந்தேன். இருவரும் தோட்டத்துக்குள் போனோம்.

சாய்ந்த மரவள்ளிச் செடிகளுக்கு நடுவே கிடந்தார். குப்புற. இடது கன்னம் மண்ணில் புதைந்து...

அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

நர்ஸ் வந்து பார்த்தாள். "வியாழக்கிழமையே உயிர் போயிடுச்சு. வயிறு ஒட்டிக் கிடக்கு. சாப்பிட்டு எத்தனை நாளாச்சோ, பாவம்."

"அப்போ நேத்து நீங்க பார்த்தது யாரைக்கா?" என்றான் சக்கியாசி.

இருட்டில் வேறு யாரோ வந்திருப்பார்கள் என்று மக்கெரேத்தா இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள். சொல்லும்போது வாசல் பக்கம் பார்க்க மாட்டாள். அடக்கத்துக்கு ஊரே திரண்டது. சாவு வீட்டு வழக்கப்படி பாய் பாயாக, பானை பானையாகக் கொண்டுவந்து குவித்தோம். உயிரோடு இருந்தபோது ஒரு பெட்டி கொடுக்காத கைகள்.

அத்தை இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். நான்தான் ஊட்டுகிறேன். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை. போன வாரம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார்.

"சனிக்கிழமைக்கு முந்தின நாளும் வந்தான்டி. வெறுங்கையோட. கால்மாட்டுல உக்காந்து அழுதான். 'கூடத்துல கூப்பிட்டாங்க மெரியோனி, ஆனா யாரும் எழுந்து வரல. எப்படி உள்ள போறது?'ன்னான்."

எனக்குக் கையில் இருந்த சோறு கீழே விழுந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கூடத்தில் பாட்டுப் பயிற்சி. தேநீர், பன்.

நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ போவது போல இருந்தது. வழக்கம்போலக் கூப்பிட்டேன்.

"நன்றிம்மா, நல்லா சாப்பிடுங்க" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது. மாமாவின் குரல்தான்.

ஆனால் அவர் போகவில்லை. வாசலிலேயே நிற்பது தெரிந்தது... கொஞ்ச நேரம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.