நீலம் பாய்ந்த மரவள்ளி

சமையல் காஸுக்கும் பெற்றோலுக்கும் கொழும்பு முழுவதும் வரிசையில் நின்ற வருடம் அது. பாமன்கடையில், மூன்றாகப் பிரித்து வாடகைக்கு விட்ட ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் நான் தனியாக இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து வெட்டுவது என் வேலை. ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை மீற்றர் என்பதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன்.

வீட்டின் பின்னால் மதிலோரமாக இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு நிலம் இருக்கிறது. அதில் பாதியில் பக்கத்துப் பகுதியில் இருக்கும் அக்கா பசளிக் கீரையும் வல்லாரையும் வைத்திருந்தார். மற்றப் பாதியில், அதற்கு முந்தின வருட ஊரடங்கின்போது நான் மரவள்ளி நட்டேன். நுகேகொடைச் சந்தையில் கிழங்கு விற்கிறவர் சும்மா தந்த ஐந்து தடிகள். நான்கு பிழைத்தன. கடைக்குப் போகுமுன் அரிசி கழுவிய தண்ணீரை அவற்றுக்கு ஊற்றுவேன். முற்றம் கூட்டிய சருகை அடியில் போடுவேன். வேறு ஒன்றும் செய்ததில்லை.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் அண்ணை என்று கூப்பிடும் கணவரும், பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகளும் அவரோடு இருக்கிறார்கள். அக்காவின் வாய் ஓயாது. சமைத்துக்கொண்டே, நான் தண்ணீர் ஊற்றுவதைக் குசினி யன்னலால் பார்த்தால், "என்ன தம்பி, எங்களோடதான் கதைக்கமாட்டீர். மரவள்ளியோடயாவது ரெண்டு வார்த்தை கதையும், கிழங்கு வைக்கும்" என்பார்.

அவருடைய கணவர் உள்ளே இருந்து, "அவரை விடும். உம்மட சத்தத்துக்கே அது நிலத்துக்குள்ள ஒளிச்சிருக்கு" என்பார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்டு நிலம் இளகியிருந்தது. முதல் மரத்தைக் கிளப்பினேன். முழங்கை நீளத்தில் ஏழு கிழங்குகள் வந்தன. அன்றைக்கே, சோறு கொதிக்கும்போது காஸ் முடிந்துவிட்டது. மண்ணெண்ணெயும் இல்லை. நாளைக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும் என்று பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். கிழங்கு சாக்கில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை முதலாளி தன் வீட்டில் மிச்சமிருந்த சின்னச் சிலிண்டரைத் தந்து, நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

கிழங்கை வெட்டினால், சதைக்குள் நீலக் கோடுகள் ஓடியிருந்தன.

மரவள்ளியைக் கிளப்பிய அன்றே அவிக்க வேண்டும். நீலம் பாய்ந்தால் எறிந்துவிட வேண்டும். நஞ்சு ஆவியோடு போவதற்காகப் பானையைத் திறந்து வைத்துத்தான் அவிக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் நாட்டில் அடுப்படிக்குப் போகிற எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஒன்பது மாதம் வளர்த்ததை எறிய மனம் வரவில்லை. நீலம் தெரிந்த இடங்களைச் செதுக்கி எடுத்தேன். சிலிண்டரில் எவ்வளவு காஸ் இருக்கிறதோ என்ற பயத்தில் பானையை மூடி அவித்தேன். மூடினால் கெதியாக அவியும். நன்றாகத்தான் அவிந்தது. மாவாக உதிர்ந்தது.

முதல் கிளப்பிய கிழங்கு என்பதால், தேங்காய்ப்பூ போட்டு ஒரு கோப்பை நிறைய அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன். நான் குளித்துவிட்டு ஆறுதலாகச் சாப்பிட இருந்தேன். அக்காவுக்கு வெள்ளிக்கிழமை விரதம், ஒரு நேரச் சாப்பாடு. மகள் ரியூஷனுக்குப் போயிருந்தாள். அண்ணை மட்டும் கட்டைச் சம்பலோடு ரசித்துச் சாப்பிட்டாராம். இருமல் இருந்ததால் அக்கா அவருக்கு இஞ்சி போட்ட பிளேன் ரீ கொடுத்தார்.

ஐந்து மணிபோல அக்கா சுவரில் தட்டினார். "தம்பி, ஓடி வாரும்! இவருக்கு என்னவோ செய்யுது!"

போய்ப் பார்த்தால், அண்ணை நிலத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். தலை சுற்றுகிறது, மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். சந்திக்கு ஓடினேன். பெற்றோல் இல்லை என்று இரண்டு ஓட்டோக்காரர்கள் தலையாட்டினார்கள். மூன்றாவது ஆள் மாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். மரவள்ளி, பிறகு இஞ்சித் தேத்தண்ணி என்று அக்கா சொன்னார். பக்கத்தில் நின்ற சிங்கள அற்றெண்டன்ட் அம்மா தலையில் கை வைத்தார். "அய்யோ, மஞ்ஞொக்காவும் இங்குருவுமா!" மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பது இங்கே தமிழர், சிங்களவர் எல்லோரும் நம்புகிற விஷயம். டொக்டர் அண்ணையை உள்ளே கொண்டுபோகச் சொன்னார்.

வெளியே, ஆட்கள் காத்திருக்கும் நீள வாங்கில் அக்கா உட்கார்ந்தார். "நான்தானே தம்பி இஞ்சியைக் குடுத்தனான். கூடாதெண்டு தெரிஞ்சிருந்தும் குடுத்தனான். இருமல் எண்டவுடன எனக்கு மற்றது மறந்துபோச்சு. என்ர கையாலயே..." என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். நீலக் கோடும் மூடிய பானையும் எனக்கு நினைவில் இருந்தன. ஆனால் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் போன் அடித்தது. மகள்.

"வந்திட்டியே பிள்ளை? அப்பாவை டொக்டர் பாக்கிறார், பயப்பிடாதை. பசிக்குதோ? மேசையில கிழங்கு இருக்கு, எடுத்துச் சாப்பிடு. இஞ்சித் தேத்தண்ணியை மட்டும் தொட்டிடாதை."

"அக்கா, வேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா என் பக்கம் கையைக் காட்டி, பொறும் என்றுவிட்டு மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி அவருடைய கையிலிருந்து போனைப் பறித்தேன். என் வாழ்க்கையில் ஒருவருடைய கையிலிருந்தும் நான் ஒன்றையும் பறித்ததில்லை.

"பிள்ளை, கிழங்கைத் தொடாதை. அது பழுது."

"ஒரு துண்டு வாயில வச்சிட்டன் அங்கிள்."

"துப்பு! துப்பிப்போட்டு வாயைக் கொப்புளி. மிச்சத்தைக் கொட்டு."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். பிழை இஞ்சியில் இல்லை, என்னில் என்று சொன்னேன். மூன்று நாள் கிடந்ததையும், நீலத்தையும், பானையை மூடியதையும் சொன்னேன். பிறகு உள்ளே போய் என் அரைகுறைச் சிங்களத்தில் டொக்டரிடமும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. எப்போது கிளப்பியது, எவ்வளவு சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். முதலே சொல்லியிருக்கலாமே என்றார்.

அண்ணை இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணை என்னைக் கண்டால், "என்ன, அடுத்த மரம் எப்ப கிளப்பிறீர்?" என்று பகிடி பண்ணினார். அக்கா மட்டும் கதைக்கவில்லை. குசினி யன்னல் ஒரு கிழமை சத்தமில்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பசளி கிள்ள வந்தார். நான் சருகு போட்டுக்கொண்டு நின்றேன். அவர் குனிந்தபடியே கதைத்தார்.

"தம்பி, நீர் பானையை மூடினது சமையல் பிழை. காஸ் இல்லாத நேரம், நானும் மூடியிருப்பன். ஆனா நான் இஞ்சி இஞ்சியெண்டு தலையில அடிக்கேக்க நீர் பக்கத்தில இருந்தனீர்."

"ஓம் அக்கா."

"எவ்வளவு நேரம் இருந்தனீர்?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

"இருவது" என்றார். கிள்ளிய பசளியில் பாதியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்.

இதைக் கேட்ட சிலர், எத்தனை பேருக்கு முன்னால் பிழையை ஒத்துக்கொண்டாய் என்று என்னை மெச்சியிருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை அக்காவுக்குப் போன் எடுக்காமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஓம், திறந்திருப்பேன் என்று சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.